உடுத்திய கணக்கு

எழுபதுகளில் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைக்குத் துணி எடுக்க ஒரு பெரியவர் சைக்கிளில் வருவார். அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டதும் அம்மா நாற்பது பக்க நோட்டோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். துணி ஒவ்வொன்றாகத் தாத்தா பக்கம் போகும், நோட்டில் வரி வரியாக ஏறும். மற்ற வீடுகளில் சட்டை இத்தனை, வேட்டி இத்தனை என்று எழுதினால் போதும். அம்மாவுக்கு அது போதாது. நீலக்கோடு சட்டை, அரைக்கை வெள்ளை, மாம்பழ பார்டர் வாயில் புடவை என்று பேர் சொல்லி எழுதுவார். துணி மாறிப்போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். தாத்தாவும் தன் பங்குக்குக் காலரின் உட்புறம் சேராங்கொட்டைச் சாற்றால் எங்கள் வீட்டுக் குறியைப் போட்டு வைத்திருப்பார். ஒரு புள்ளி, அதன் கீழே இரண்டு கோடு. எத்தனை வெளுத்தாலும் அந்தக் கறுப்பு போகாது.

அந்த நோட்டுகளில் சில அம்மாவின் டிரங்குப் பெட்டியில் மிஞ்சியிருந்தன. பல வருடம் கழித்து அவற்றைப் புரட்டியபோதுதான், சலவைக்குப் போட்ட கணக்கு என்று அம்மா எழுதியது உண்மையில் உடுத்திய கணக்கு என்று எனக்குப் புரிந்தது. நீலக்கோடு சட்டை வாரம் தவறாமல் வருகிறது. இரண்டு தீபாவளி கழிந்ததும் அதே சட்டை 'நீலக்கோடு, காலர் திருப்பியது' என்று வருகிறது. இன்னும் கொஞ்ச நாளில் 'நீலக்கோடு, வீட்டுக்கு'. அதற்குப் பிறகு அதன் பேரே இல்லை. அந்தச் சட்டை எங்கள் வீட்டுக்குள் வந்ததிலிருந்து அடுப்படித் துணியாகும் வரையிலான கதை அந்த நோட்டுகளில் இருந்தது. மாம்பழ பார்டர் புடவை மட்டும் மாதக்கணக்கில் வரவே இல்லை. அதை அம்மா விசேஷங்களுக்கு மட்டுமே கட்டுவார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

அப்பா ஆவடி ராணுவ உடைத் தொழிற்சாலையில் டெய்லர். ஊரில் எல்லோரும் ஓ.சி.எஃப். என்று சொல்வது அதைத்தான். 1961-இல் தொடங்கியது. ஆவடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு டாங்க் ஃபேக்டரிதான் நினைவுக்கு வரும். எங்களுக்குத் தையல் மெஷின். அப்பாவுக்குப் பீஸ் ரேட் வேலை. எத்தனை பீஸ் முடித்தாரோ அதற்கேற்பக் கூலி. அப்படியிருந்தும் வேகத்துக்காகத் தையலை விட்டுக்கொடுக்க மாட்டார். ராணுவத்தில் சிப்பாய்க்குக் கொடுக்கும் ஒவ்வொரு துணிக்கும் இவ்வளவு காலம் உழைக்க வேண்டும் என்று ஆயுள் குறித்திருப்பார்கள். அந்தக் காலத்துக்குள் தையல் விட்டால், தைத்த இடத்துக்குத்தான் பேச்சு வரும். "துணி தேயலாம்மா, தையல் விடக் கூடாது" என்று அப்பா என்னிடம் சொன்னது ஒருமுறை இரண்டுமுறை அல்ல.

வீட்டிலும் அதே கைதான். எங்கள் உடுப்பு முழுவதையும் அவர்தான் கால் மெஷினில் தைப்பார். பள்ளிக்கூடப் பாவாடையின் கீழ்மடிப்பில் நாலு விரல் துணி உள்ளே விட்டுத் தைப்பார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்த மடிப்பைப் பிரித்து ஒரு விரல் இறக்கிவிடுவார். இறக்கிய இடத்தில் வெயிலும் சோப்பும் படாத பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பட்டை. நான் எட்டாவது முடித்தபோது என் நீலப் பாவாடையில் கரும்பலகைக்கு முன்னால் நின்றால் பின்பெஞ்சுக்குக்கூடத் தெரியும்படி மூன்று பட்டைகள் இருந்தன. என் வகுப்பில் ஓ.சி.எஃப். பிள்ளைகள் எல்லோருக்கும் இருந்தன. அது எங்களுக்குக் குறைவாகத் தோன்றியதே இல்லை. எங்கள் அப்பாக்களின் தையல் அது.

கல்யாணமாகி அம்பத்தூர் வெங்கடாபுரத்துக்கு வந்தேன். பாரிமுனைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் சென்ட்ரலுக்கு மின்சார ரயில். பெண்கள் பெட்டியில் திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்திலிருந்து வரும் இளம்பெண்கள் கும்பலாக நிற்பார்கள். அடுத்த நிறுத்தமான பட்டரவாக்கத்தில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைக்கப் போகிறவர்கள். 1964-இல் உருவான அந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தும் பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்த சந்துகளுக்குள் தையல் கம்பெனிகளும் நிறைய வந்துவிட்டிருந்தன.

அந்தப் பெட்டியில்தான் என் புடவைகள் பெருகின. தவணைக்குப் புடவை விற்கும் ஓர் அம்மா இருந்தார். பையிலிருந்து ஒன்றை உருவி மடியில் விரித்துவிட்டு, "கட்டிப் பாரும்மா, காசு எங்க ஓடிடப் போகுது" என்பார். சம்பளத் தேதிக்குத் தேதி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். அலுவலகத்திலும் பக்கத்து மேஜைக்காரர்களுக்குக் கண் இருக்கிறது. "போன வியாழக்கிழமையும் இதைத்தானே கட்டினே?" என்று ஒருத்தி சாதாரணமாகத்தான் கேட்பாள். கேட்டவள் மறந்துவிடுவாள். கேட்கப்பட்டவள் மறப்பதில்லை. உழைக்கும் பெண்கள் அத்தனை பேரும் அந்த ஒரு கேள்விக்காக எவ்வளவு செலவு செய்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறாது. அலுவலகத்தில் ஆண்கள் மாதம் முழுக்க அதே மூன்று சட்டைகளில் வந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

2015 மார்ச்சில் பெங்களூரில் அஞ்சு மௌட்கல் கதம், ஆலி மத்தன் என்ற இரண்டு தோழிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பீரோவில் தூங்கும் புடவைகளை அந்த வருடத்துக்குள் நூறு தடவை கட்டுவது, ஒவ்வொன்றுக்கும் பின்னாலுள்ள கதையைச் சொல்வது. நாடு முழுக்கப் பெண்கள் அதில் சேர்ந்துகொண்டார்கள். என் மகள் அந்தப் படங்களைக் காட்டினாள். அழகு பார்ப்பதற்காகத்தான் காட்டினாள். எனக்கோ, புடவையைக் கட்டிய தடவையை ஊரறிய எண்ணலாம் என்பதே பெரிய சங்கதியாக இருந்தது. விலையை எண்ணியிருக்கிறோம், தள்ளுபடியை எண்ணியிருக்கிறோம். இதை எண்ணியதில்லை.

அதே வருடம் டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கனஅடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. மணப்பாக்கத்தில் கீழ்வீட்டில் குடியிருந்த என் நாத்தனார் வீட்டுக்குள் பீரோவின் நடுத்தட்டு வரை தண்ணீர் நின்றது. நீர் வடிந்த பிறகு நாங்கள் போய்த் திறந்தோம். அடித்தட்டில் பழைய வேட்டிக்குள் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த பட்டுகள் ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறி, சேறு அப்பி, கட்டியாகக் கிடந்தன. உயரத்தில் கட்டிய கொடியில் கிடந்த நைட்டிகளும் தினம் கட்டும் புடவைகளும் மட்டும் அப்படியே இருந்தன. நாத்தனார் அழவில்லை. ஒரு பட்டைக் கையில் எடுத்து, "இதை என் சீமந்தத்துக்குக் கட்டினேன் அண்ணி. அப்புறம் கட்டவே இல்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில், நிவாரணத்துக்கு வந்த துணிகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலையில் நானும் இருந்தேன். மூட்டை மூட்டையாக வந்தது. அங்கே தங்கியிருந்த பெண்கள் கேட்டது நைட்டி, உள்பாவாடை, உள்ளாடை, குழந்தைக்கு ஜட்டி. வந்ததோ ஜாக்கெட் இல்லாத புடவை, ஜிப் போன கவுன், யாருக்கோ மாப்பிள்ளை அழைப்புக்குத் தைத்த கோட். கோட்டின் பையில் வெற்றிலைப் பாக்குச் சீட்டுகூட இருந்தது. ஒரே ஒரு நாள் போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் இப்படித்தான் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்தது. அன்ஷு குப்தா 1999-இல் டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு வந்த துணியைப் பிரித்து, பழுது பார்த்து, யாருக்கு எது ஆகும் என்று பார்த்து அனுப்புவதையே வேலையாக வைத்திருப்பதன் அருமை அந்த மண்டபத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நாம் கொடுப்பது பெரும்பாலும் தேவையானதை அல்ல, நாம் உடுத்தாததை.

நாலு வருடத்தில் அதே செம்பரம்பாக்கம் வறண்டது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் காய்ந்து கிடந்தபோது, எங்கள் தெருவில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடங்கள் இரவிலேயே வரிசையில் நின்றன. வாஷிங் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டோம். வேர்வைபட்ட சட்டையைக் காற்றாட உதறிப் போட்டு மறுநாளும் போட்டார்கள். ஒரு பருத்தி டீ-சர்ட்டுக்குப் பருத்தி விளைவதிலிருந்து 2,700 லிட்டர் தண்ணீர் போகிறது என்று உலக வனவிலங்கு நிதியம் சொல்லும் கணக்கை மகள் அப்போது படித்துக் காட்டினாள். குடத்தோடு வரிசையில் நின்ற நேரத்தில் கேட்டதால் அந்த எண் எனக்கு மறக்கவில்லை.

அப்பா 2022-இல் போனார். கடைசி வருடங்களில் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு 2017 ஜூலையிலிருந்து படைவீரர்களுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் உடைப்படி என்று ஆனது. "காசாக் கையில குடுத்தா, துணி எவ்வளவு நாள் உழைச்சதுன்னு கணக்கு யாரு வைப்பா?" என்பார். 2021 அக்டோபர் 1 முதல் அவருடைய தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் போனதை டி.வி.யில் பார்த்துவிட்டு, எழுந்து போய் மெஷினுக்கு எண்ணெய் போட்டார்.

காரியம் முடிந்து அவருடைய பீரோவைத் திறந்தோம். ஒரே தட்டு. வெள்ளைச் சட்டைகள், வேட்டிகள், நாங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டி, ஒரு ஸ்வெட்டர். சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டில் காலர் திருப்பியிருந்தது. காலர் முதலில் நைவது கழுத்தின் பின்மடிப்பில்தான். அந்த இடத்தில் இழை தெரிய ஆரம்பித்ததும், காலரைப் பட்டியிலிருந்து முழுசாகப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்து, பழைய ஊசித் துளைகளின் வழியாகவே மறுபடி தைக்க வேண்டும். துளை தப்பினால் காலர் கோணிவிடும். எண்பது வயதுக் கைகள் அந்தத் துளைகளைத் தப்பவிடவில்லை. அந்தப் பீரோவில் உடுத்தாத துணி என்று ஒன்றுகூட இல்லை. பட்டு வேட்டியையும் மாதாமாதம் பிரதோஷத்துக்குத் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போவார். ஓரத்தில் திருநீறு அப்பியிருந்தது.

அடுத்த பொங்கலிலிருந்து நான் எழுத ஆரம்பித்தேன். புது நோட்டெல்லாம் போடவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாள், கேஸ் மாற்றிய நாள், வேலைக்கு வரும் பெண் லீவு போட்ட நாள் எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள்தான் இருக்கும். அவற்றுக்குக் கீழே, அன்று என்ன உடுத்தினேன் என்று இரண்டே வார்த்தை. பச்சை காட்டன். சாம்பல் சுங்குடி. பூப்போட்ட சில்க் காட்டன். இரவு அடுப்படியைத் துடைத்துவிட்டு விளக்கணைக்கும் முன் எழுதுவது பழக்கமாகிவிட்டது. மகள் தன் போனில் அதற்கென்றே செயலி இருக்கிறது என்று இறக்கிக் கொடுத்தாள். உடுப்புகளைப் படமெடுத்து ஏற்ற வேண்டும், உடுத்தும்போதெல்லாம் தொட வேண்டும், விலையைப் போட்டால் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆயிற்று என்று அதுவே வகுத்துச் சொல்லும். நல்ல ஏற்பாடுதான். எனக்குக் காலண்டர் போதும்.

முதல் மூன்று மாதத்திலேயே ஒழுங்கு தெரிந்துவிட்டது. காலண்டர் முழுக்க அதே சில பேர்கள்தான் சுற்றிச் சுற்றி வந்தன. சுங்குடி, மங்கிய பச்சை, அம்மா விட்டுப்போன கைத்தறி. எல்லாம் விலை குறைந்தவை, துவைத்துத் துவைத்துப் பழகியவை, கஞ்சி போடாமலே கொசுவம் நிற்பவை. தள்ளுபடியில் ஆசையாக எடுத்த புடவைகள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில்கூட இல்லை. வருடம் முடிந்தபோது, என்னிடம் இருந்த புடவைகளில் பாதிக்கு மேல் காலண்டரில் இடம்பெறவில்லை.

நான் அங்கே நின்றுவிடவில்லை. வராத புடவை ஒவ்வொன்றையும் கட்டிலில் பரப்பி, ஏன் வரவில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன் மேல் வைத்தேன். பிடிக்கவில்லை என்று எழுதும்படி இருந்தது மிகக் குறைவு. கனம் என்று சில. பார்டர் குத்துகிறது என்று சில. ஃபால்ஸ் வைக்கவில்லை, பொருத்தமான நிறத்தில் உள்பாவாடை இல்லை என்று சில. மீதி எல்லாச் சீட்டிலும் ஒரே காரணம்: ஜாக்கெட் பிடிக்கிறது. புடவைக்கு வயசாவதில்லை, அளவு மாறுவதில்லை. ஆறு கஜம் அன்றைக்கு எப்படியோ இன்றைக்கும் அப்படியே. பிள்ளை பெற்ற உடம்பு, ஐம்பதைத் தாண்டிய உடம்பு, தைராய்டு மாத்திரை சாப்பிடும் உடம்பு அப்படி இல்லை. முக்கால் மீட்டர் ஜாக்கெட் துணி ஓர் அங்குலம் பிடிப்பதால், முழுப்புடவை பீரோவுக்குள் அடைந்து கிடக்கிறது. இதைப் பெண்கள் எல்லோரும் அறிவோம். ஆனாலும் புதுப் புடவைதான் எடுக்கிறோம்.

அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் ஒரு டெய்லர் இருக்கிறார். அகலமே இல்லாத கடை, ஒரு மெஷின், ஒரு பெஞ்சு. எல்லா ஜாக்கெட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றையும் உட்புறம் திருப்பி, பக்கவாட்டுத் தையலை விரலால் நீவிப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியல் அப்பாவும் பழைய டெய்லர்களும் தைத்தது. பக்கவாட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் துணி உள்ளே மடிந்திருக்கும். அதில் ஒரே தையல் அல்ல, அரை விரல் இடைவெளியில் மூன்று தையல் வரிசையாக ஓடும். உடம்பு பூசினால் உள்ளேயிருக்கும் தையல் ஒன்றைப் பிரித்தால் போதும், அடுத்த தையல் தயாராக நிற்கும். கையிலும் அப்படியே. தைக்கும்போதே, இந்தப் பெண் இன்னும் இருபது வருடம் இதைப் போடுவாள் என்று நினைத்துத் தைத்தது அது.

இன்னொரு குவியல் ரெடிமேட். உள்ளே துணியே இல்லை. வெட்டிய விளிம்பை ஓவர்லாக் அடித்து முடித்திருந்தது. "இதை என்னக்கா பண்றது? பிரிச்சா ஒண்ணும் இல்ல. ஓரத்துல பட்டி வெச்சுத்தான் தரணும்" என்றார். கம்பெனியில் ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஒவ்வொரு பீஸிலும் ஓர் அங்குலம் விட்டால் எவ்வளவு துணி போகும் என்று அவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கணக்கு அவர்களுக்குச் சரி. வாங்குகிறவருக்கு, உடம்பு மாறுகிற அன்றோடு அந்தத் துணி முடிந்தது. நாம் இந்தக் காலத்தில் உடுப்புகளை ஏன் இத்தனை சீக்கிரம் கைவிடுகிறோம் என்பதற்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். எனக்குப் பாதிக் காரணம் அந்த விளிம்பில்தான் தெரிந்தது.

பிரித்துவிட்ட ஜாக்கெட்டுகள் வந்ததும் காலண்டரில் புதுப் பேர்கள் வந்தன. அரக்கு பார்டர். மயில்கழுத்து. என் மகளின் முதல் பிறந்தநாளுக்குக் கட்டிய ரோஸ் புடவையைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனேன். "என்னம்மா, விசேஷமா?" என்றாள் மகள். "இல்லடி, செவ்வாய்க்கிழமை" என்றேன்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறாள். சட்டைக்குக் கை நுனிப் பட்டி மட்டும் அவள் வேலை. "நான் கஃப் மட்டும்தான்கா. முழுச் சட்டை எப்படி இருக்கும்னு செக்கிங் டேபிள்ல பார்த்தாத்தான் உண்டு" என்பாள். மணிக்கு இத்தனை என்று டார்கெட் உண்டு. தண்ணீர் குடிக்க எழுந்தால் பக்கத்து மெஷினில் பீஸ் தேங்கிவிடும். என் காலண்டரைப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்ல இதை எத்தனை தடவை போடுவாங்கக்கா?" என்று கேட்டாள். எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் படித்ததைச் சொன்னேன். 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகத்தில் தைக்கப்படும் உடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. ஓர் உடுப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை உடுத்தும் தடவைகள் பதினைந்து வருடத்தில் 36 சதவீதம் குறைந்துவிட்டன. பழைய துணியில் மறுபடி உடையாகிறது 1 சதவீதம்கூட இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "ஒரு நூல் தள்ளியிருந்தாக்கூட ஆல்டர் பீஸ்னு திருப்பி என் மேல வெப்பாங்கக்கா. அவ்ளோ பார்த்துப் பார்த்துத் தைச்சதை நாலு தடவை போட்டுட்டுத் தூக்கிப் போட்டா என்ன நியாயம்?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உடுத்துவதுதான் பதில் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு துணிக்குப் பணம் கொடுத்ததோடு தைத்தவளுக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிடுவதாக என்னால் நம்ப முடியவில்லை.

உடுத்தாமல் வைத்தால் துணி அப்படியே இருக்கும் என்பதும் பொய். பட்டைக் கேளுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் மடிப்புக் கோட்டிலேயே இழை விட்டுவிடும். அதனால்தான் பெரியவர்கள் அவ்வப்போது எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைத்தார்கள். அந்துருண்டை சரிகையில் பட்டால் சரிகை கறுக்கும். ரெடிமேட் உடுப்பின் எலாஸ்டிக்கோ போட்டாலும் போடாவிட்டாலும் தளர்ந்து பொடியாகும். என் கல்யாணப் பட்டு நீளவாட்டில் இரண்டு இடத்தில் விட்டிருந்தது. கட்டிக் கிழிந்ததல்ல. வைத்தே கிழிந்தது.

கனமானவற்றையும் இனி கட்டப் போவதில்லை என்று தெளிந்தவற்றையும் மட்டும் வெளியே அனுப்பினேன். ஜாக்கெட்டோடும் உள்பாவாடையோடும் சேர்த்து, துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டுவேன் என்று சொன்னவர்கள் கையிலேயே கொடுத்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மாள் வந்தபோது, வீட்டுக்காரரின் நைந்த பேண்ட்டுகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். மிச்சமிருந்த பருத்தித் துணிகள் எஸ்டேட்டில் லேத் வைத்திருக்கும் உறவுக்காரரிடம் போயின. மெஷின் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நன்றாகத் துவைத்துப் பழகிய பருத்தி அதைவிட எண்ணெயை உறிஞ்சும் என்றார். இவை எதற்கும் ஆகாதது எங்கள் மண்டலத்திலிருந்து கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகிறது. அங்கே போகிற மூட்டை எங்கள் வீட்டைப் பொறுத்தவரை சிறுத்துவிட்டது.

காலண்டர் இப்போதும் தொங்குகிறது. மகளுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறேன். அவள் வேலை பார்ப்பதும் எஸ்டேட்டில்தான். பழைய ஆலைகள் இருந்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடம் ஒன்றில். ஆன்லைனில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதை நான் எத்தனை தடவை போடுவேன்னு நினைக்கிறே?" என்று இப்போதெல்லாம் கேட்கிறாள். சில நாள் வாங்குகிறாள், சில நாள் விட்டுவிடுகிறாள். வாங்கும்போது உட்புறம் திருப்பி விளிம்பைப் பார்க்கிறாள்.

ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகருக்குப் பையோடு கிளம்பும் முன் உங்கள் பீரோவில் ஒரு தட்டை மட்டும் கட்டிலில் பரப்புங்கள். போன வருடம் உடுத்தாததை ஒதுக்கி, ஏன் உடுத்தவில்லை என்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு வையுங்கள். பிடிக்கிறது என்று எழுதிய ஜாக்கெட்டுகளையெல்லாம் தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அவர்கள் கை கொஞ்சம் ஓய்வாக இருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் கல்யாணத் தையலும் தீபாவளித் தையலும் சேர்ந்துகொள்ளும். பிரித்துத் தரச் சொல்லிக் கொடுக்கும் துணியை யாரும் கையில் வாங்க மாட்டார்கள்.